செசி றைபிள் வாங்கப்போகிறவர்களுக்கு, மல்லாவியிலிருந்து

தொலைதூரக் குறிசூட்டுக்கு எந்தச் செசி றைபிள் (மரக்கட்டைக்குப் பதிலாக அலுமினியச் சட்டகத்தில் பூட்டிய துவக்கு) நல்லது என்று கேட்டு எனக்கு வருகிற செய்திகள் எல்லாம் வெளிநாட்டு இலக்கங்களிலிருந்துதான் வருகின்றன. எட்மன்ரனில் மருமகன், லண்டனில் ஒன்றுவிட்ட தம்பியின் மகள், மெல்பேணில் பக்கத்து வளவுப் பெடியன். அல்பேர்ட்டாவில் வேலை செய்த காலத்தில் நான் ஒரு சுடுகழகத்தில் சேர்ந்து பழகினவன். இப்போது மல்லாவியில் வயலோடு இருக்கிறேன். ஆளுக்கொரு குரல்பதிவு அனுப்புவதைவிட, புதிதாக வருகிற எல்லாருக்குமாக ஒழுங்காய் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். செசி, துவக்கை உங்கள் உடம்புக்குப் பொருத்தித் தரும். பரலை, அதாவது சன்னம் போகிற குழலை, திருத்தித் தராது. ஆகவே நல்ல பரலோடு ஆலையிலிருந்து முழுமையாக வருகிற நடுத்தர விலைத் துவக்கு ஒன்றை வாங்குங்கள். அதை உங்கள் உடம்புக்குப் பொருத்துங்கள். பிறகு அந்தப் பரல் தேயும்வரை ஒன்றையும் மாற்றாமல் சுடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் சட்டமும் வீடும்

கடைக்குப் போக முதல் அனுமதிப்பத்திரம். கனடாவில் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்து, சோதனையில் சித்தியடைந்து, உடைமை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற உலோகத் தண்டை) கையால் இழுத்துச் சுடுகிற துவக்குகள் பெரும்பாலும் அங்கே கட்டுப்பாடற்ற வகைக்குள் வரும். ஆனால் 2020 மே 1 ஆணைக்குப் பிறகு 10,000 ஜூலுக்கு மேல் சக்தியுள்ளவை தடை. நாங்கள் பேசப்போகிற 6.5 கிரீட்மோர் என்ற ரவை ஏறத்தாழ 3,100 ஜூல்தான், அதனால் அந்த எல்லை உங்களைத் தொடாது. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் தடைப்பட்டியல் மேலும் நீண்டது. ஆகையால் காசு கொடுக்க முதல் அந்த மொடலின் முழுப்பெயரை மத்திய பொலிசின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

பிரித்தானியாவில் பொலிஸ் கொடுக்கிற துவக்குச் சான்றிதழ் வேண்டும். நல்ல வழி, உள்துறை அமைச்சு அங்கீகரித்த கழகமொன்றில் சேர்வது. அங்கே குறைந்தது மூன்று மாதம் தற்காலிக உறுப்பினராக இருந்து, கழகத் துவக்கில் பழக விடுவார்கள். லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு பிஸ்லி சுடுதிடல் கிட்டத்தான். தேசிய றைபிள் சங்கம் 1890இலிருந்து அங்கே போட்டி நடத்துகிறது. அவுஸ்திரேலியாவில் .22 என்ற சிறு ரவைத் துவக்கு ஏ பிரிவு, பெரிய ரவைக்கான போல்ட் துவக்கு பி பிரிவு. ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனி வாங்கல் அனுமதி, அதற்கு ஏற்கத்தக்க காரணம்.

சுவிசில் இருக்கும் எங்கள் ஆட்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்குள்ள ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. வதிவிட அனுமதி எத்தனை வருடப் பழசானாலும், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் நீங்கள் இருக்கிற கன்ரோனின் (மாநிலத்தின்) விசேட அனுமதி இல்லாமல் கடைப் பக்கமே போகவேண்டாம். சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. கூட வேலை செய்கிற சுவிஸ்காரர் சுலபமாக வாங்கினார் என்பதை வைத்து நீங்களும் அப்படித்தான் என்று எண்ணி இறங்கினால், குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது வினையாகும்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பன்றியும் யானையும் வயலை அழிக்கிற எங்கள் ஊரில் பயிர் காக்க அனுமதியோடு சொட்கன் வைத்திருப்பவர்கள் உண்டு. தொலைதூர றைபிள் இங்கே கடையில் வாங்குகிற பொருள் அல்ல. விடுமுறைக்கு வரும்போது ஸ்கோப், வெற்றுக்கோது, கழகத்தில் பொறுக்கிய சன்னம் என்று ஒன்றும் பெட்டியில் கிடக்க விடாதீர்கள். சுடப் போகிற பையையே பயணப் பையாகவும் எடுக்காதீர்கள். கட்டுநாயக்காவில் ஒரு கோது அகப்பட்டால் கூட விளக்கம் சொல்லி முடிய விமானம் போய்விடும். இங்கே வளவில், காட்டோரத்தில் பழைய ரவையோ வேறு வெடிபொருளோ கண்டால் தொடாமல் இடத்தை அடையாளம் வைத்து 119இல் பொலிசுக்கு அறிவியுங்கள். உங்களுக்குத் துவக்குப் பழக்கம் இருக்கிறது என்பதால் மண்ணுக்குள் பல வருடம் கிடந்த பொருள் உங்களுக்கு இரங்காது.

வீட்டையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2009 வரை இந்த மண்ணில் வெடிச்சத்தத்துக்குள் பிள்ளை வளர்த்தவர்கள் உங்கள் அம்மாவும் அம்மம்மாவும். துவக்கோடு நிற்கிற படத்தைக் குடும்பக் குழுமத்தில் போட்டு அவர்களுக்குத் தெரிய வராதீர்கள். வாங்க முதலே தொலைபேசியில் சொல்லுங்கள்: இது பலகையில் ஒட்டிய கடதாசிக்குச் சுடுகிற விளையாட்டு, இப்படிப் பூட்டி வைப்பேன், திறப்பு என்னிடம் மட்டும் இருக்கும். சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள். அதற்கு மதிப்புக் கொடுங்கள். துவக்கு வாங்காமலே கழகத் துவக்கில் சுட்டு நல்ல நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

செசி என்ன செய்கிறது

மரக்கட்டைக்குப் பதிலாக அலுமினியத்தில் கடைந்த ஒரு எலும்புக்கூடு. துவக்கின் அக்ஷன், அதாவது போல்ட் ஓடுகிற நடுப்பகுதி, அதில் உலோகத்தோடு உலோகமாகத் திருகி இறுக்கப்படுகிறது. மாரியில் கதவு ஊதி நிலையில் இறுகுவதுபோல மரக்கட்டையும் ஈரத்துக்கு அசையும். அசைந்து பரலில் முட்டினால் சன்னம் விழுகிற இடம் மாறும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் இல்லை. இந்த யோசனையைப் பரவலாக்கியதில் அக்குரசி இன்ரர்நாஷனல் என்ற ஆங்கிலக் கொம்பனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மல்கம் கூப்பர். 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றவர். அவர்களின் துவக்கை 1980களில் பிரித்தானிய இராணுவம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகே மற்றவர்களும் அந்தப் பாதைக்கு வந்தார்கள்.

உங்களுக்குக் கிடைக்கிற நன்மை மூன்று. பின்கட்டையின் நீளத்தை மாற்றலாம். கன்னம் வைக்கிற தகட்டை ஏற்றி இறக்கலாம். துணைப் பொருட்களைக் கட்டையில் துளை போடாமல் பூட்டலாம். இதில் முதல் இரண்டுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு, பெண்களுக்கு முக்கியமாக, மேற்கத்தைய உடல் அளவுக்குச் செய்த கட்டை நீளம் கூடத்தான் வரும். கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடுகிறவர் எத்தனை ரவை சுட்டாலும் முன்னேறமாட்டார். அதனால்தான் மரக்கட்டைத் துவக்கை மலிவாக வாங்கிப் பிறகு பார்ப்போம் என்ற ஆலோசனையை நான் கொடுப்பதில்லை.

மற்றவர்களின் அபிப்பிராயத்தை எப்படி வாசிப்பது

இணையத்தில் ஒருவர் மூன்று ஓட்டை ஒன்றோடொன்று முட்டினபடி உள்ள கடதாசியைப் படம் பிடித்து, இந்தத் துவக்கு அரை நிமிடக் கோணம் சுடும் என்று எழுதுவார். ஒரு நிமிடக் கோணம் என்பது 100 மீற்றரில் 2.9 சென்ரிமீற்றர் அகலம். மூன்று வெடி எப்போதாவது தற்செயலாகவே ஒன்றாய் விழும். பத்து வெடி விழாது. ஆகவே எந்தப் புகழுரையையும் வாசிக்கும்போது இதைத் தேடுங்கள்: எத்தனை வெடி, எந்த ரவை, எந்தத் தூரம், துவக்கு அவர் கையில் எவ்வளவு காலம் இருந்தது. நான்கில் இரண்டுக்காவது விடை இல்லாவிட்டால் அது பெட்டி திறந்த மகிழ்ச்சி, அவ்வளவுதான். எனக்குப் பயன்பட்ட அபிப்பிராயங்கள் முறைப்பாடுகளில்தான் இருந்தன. மகசின் எப்போது ஊட்டாமல் நின்றது, மழையில் போல்ட் எப்படி இழுபட்டது, விசையின் திருகு தளர்ந்ததா என்று எழுதியவர் அந்தத் துவக்கைப் பாவித்திருக்கிறார்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்திருங்கள். 500 மீற்றரில் அரை நிமிடத் துவக்குக்கும் ஒரு நிமிடத் துவக்குக்கும் வித்தியாசம் ஏழு சென்ரிமீற்றர். அதே தூரத்தில் குறுக்குக் காற்றை மணிக்கு 5 கிலோமீற்றர் தவறாகக் கணித்தால் 6.5 கிரீட்மோர் சன்னம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் அளவில் விலகும். காசு போக வேண்டிய இடம் எது, பொழுது போக வேண்டிய இடம் எது என்பது இந்த இரண்டு எண்ணிலும் இருக்கிறது.

எந்த ரவை

புதியவருக்கு 6.5 கிரீட்மோர். ஹோர்னடி கொம்பனி 2007இல் கொண்டுவந்தது. உதை குறைவு, காற்றில் விலகல் குறைவு, போட்டிக்கான ரவை கடையில் கிடைக்கும். .308 வின்செஸ்டர் 1952இலிருந்து இருக்கிறது. பரல் 5,000 வெடிக்கு மேலும் நிற்கும், ஆனால் உதை கூட, 600 மீற்றருக்கு அப்பால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். கிரீட்மோரின் பரல் 2,000 முதல் 3,000 வெடிவரை நல்லபடி சுடும். இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் அவ்வளவு ரவைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பாருங்கள். பரலின் விலை அதற்கு முன் சிறிது.

கையில் காசு குறைவானால் .22இல் தொடங்குங்கள். இதை இரண்டாம்தர வழி என்று நினைக்கவேண்டாம். சீசெட் 457, டிக்கா ரி1எக்ஸ், பெர்காரா பி-14ஆர் மூன்றும் பெரிய துவக்கைப் போலவே கையாளக் கூடியவை. 50 மீற்றருக்குச் சரிசெய்த .22, 200 மீற்றரில் ஒன்றரை மீற்றருக்கு மேல் சரியும். சிறு காற்றுக்கே விலகும். பெரிய துவக்கு 800 மீற்றரில் படிப்பிக்கிற பாடத்தை இது 200 மீற்றரில், சோற்றுக்காசுக்குள் படிப்பிக்கும்.

எந்தத் துவக்கு

என் அபிப்பிராயம் இது. வேறு ஆட்களுக்கு வேறு இருக்கும்.

டிக்கா ரி3எக்ஸ் ராக் ஏ1. பின்லாந்தில் சாக்கோ ஆலையில் செய்வது. போல்ட் இழுக்கும்போது கையில் ஒரு உரசலும் தெரியாது. இரண்டு கட்ட விசை ஆலையிலிருந்தே நன்றாக வருகிறது. பின்கட்டை மடியும். பெட்டியைத் திறந்து, ஸ்கோப் பூட்டி, சுடப் போகலாம். குறை என்னவென்றால் மகசின் அதற்கே உரியது. போட்டிகளில் எல்லாரும் பாவிக்கிற ஏ.ஐ. (அக்குரசி இன்ரர்நாஷனல்) வகை மகசின் இதற்குச் சேராது, மேலதிகமாக வாங்க விலை கூட. கைவேலை விருப்பமில்லாதவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

றூகர் பிரிசிஷன் றைபிள். 2015இல் வந்து இந்த வகைத் துவக்கின் விலையையே கீழே இறக்கியது இதுதான். நீளம், கன்னத் தகடு இரண்டையும் கருவி இல்லாமல் மாற்றலாம். ஏ.ஐ. வகை மகசின் ஏற்கும். தேய்ந்த பரலை மாற்றுவது சுலபம். போல்ட் டிக்காவைப்போல வழுக்காது, தொடக்கத்தில் கரகரப்பாக இருக்கும். பழையதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2017இல் கொம்பனியே பாதுகாப்பு அறிவிப்பு விட்டு, அலுமினியத்தில் செய்த போல்ட் பின்மூடிகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. தொடர் இலக்கத்தைக் கொடுத்து மாற்றப்பட்டதா என்று விசாரித்த பிறகே காசு கொடுங்கள்.

பெர்காரா பி-14 எச்.எம்.ஆர். இது முழுச் செசி அல்ல. வெளியே வார்ப்புக் கட்டை, உள்ளே சிறு அலுமினியச் செசி. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பெர்காரா என்ற ஊரில் பரல் கடைகிறார்கள், அதன் பெயர்தான் கொம்பனிக்கும். மற்றவை 5 கிலோவுக்குக் கிட்ட வரும்போது இது 4 கிலோவுக்குச் சற்று மேல். கன்னத் தகடு ஏறி இறங்கும். நீளத்தை இடைத்தகடு வைத்து மாற்ற வேண்டும். குளிர்நாட்டில் வெறும் அலுமினியத்தில் கன்னம் வைத்தவருக்கு இந்தக் கட்டையின் அருமை தெரியும். வேட்டைக்கும் போகிறவர்கள், நடந்து சுமக்கிறவர்கள் இதைப் பாருங்கள். றெமிங்ரன் 700 வடிவ அக்ஷன் என்பதால் பிற்காலத்தில் உதிரிப்பாகத் தட்டுப்பாடு வராது.

சாவேஜ் 110 எலீட் பிரிசிஷன், எம்.டி.ரி. என்ற கனேடியக் கொம்பனியின் செசியில் வருகிறது. பாரம் கூடியது, அந்தப் பாரம் உதையை விழுங்கும். ஜப்பானில் செய்கிற ஹோவாவைச் செசியோடு வாங்கினால் விலை கையைக் கடிக்காது, விசையும் நல்லது. அக்குரசி இன்ரர்நாஷனல், சாக்கோ ரி.ஆர்.ஜி. இரண்டும் வாழ்நாள் துவக்குகள். முதல் துவக்காக வாங்கச் சொல்லமாட்டேன். அவற்றின் விலைக்கு நடுத்தரத் துவக்கு, ஸ்கோப், வருடத்துக்குத் தேவையான ரவை, ஒரு பயிற்சி வகுப்பு எல்லாமே வரும்.

எதை வாங்கினாலும், கடையில் தோளில் வைத்துப் பாருங்கள். இணையத்தில் கேட்டு எடுப்பிக்காதீர்கள். துவக்கோடு குப்புறப் படுத்துப் பார்க்க விடுகிற கடையானால் இன்னும் நல்லது.

ஸ்கோப்பில் கை நடுங்க வேண்டாம்

துவக்கின் விலையில் முக்கால்வாசியாவது ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். ஸ்கோப்புக்குள் தெரிகிற அளவுகோலும் வெளியே திருப்புகிற திருகும் மில் என்ற ஒரே கோண அலகில் இருக்க வேண்டும். ஒரு சொடுக்கு 0.1 மில். அது 100 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர். எங்களுக்கு மீற்றர் பழக்கம் என்பதால் மனக்கணக்கு சுலபம். உருப்பெருக்கத்தை மாற்றும்போது உள்ளே தெரிகிற குறிக்கோடுகளும் சேர்ந்து பெருக்கிற முதற்குவியத் தள வகையை எடுங்கள். 25 மடங்கு உருப்பெருக்கம் என்று மயங்காதீர்கள். வெயில் ஏறினால் 15 மடங்குக்கு மேல் எல்லாம் கானல் அலையாகத்தான் தெரியும்.

ஸ்கோப்பைத் துவக்கில் பிடிக்கிற வளையத் திருகுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற விசைமானிச் சாவியால் இறுக்க வேண்டும். கை மதிப்புக்கு இறுக்கினால் ஸ்கோப் குழல் நசியும், அல்லது உதைக்கு நகரும். எவ்வளவு என்பது வளையத்தோடு வருகிற துண்டில் இருக்கும்.

உடம்புக்குப் பொருத்துவது

இதற்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். ரவை எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். போல்ட்டை இழுத்து, பரலின் பின்முனையில் ரவை உட்காருகிற அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மகசினைக் கழற்றுங்கள். பிறகு பாயை விரித்து, முன்னால் பைபொட் (இருகால் தாங்கி), பின்கட்டைக்குக் கீழே மணல் நிரப்பிய சிறு பை.

துவக்குக்கு நேர் பின்னே படுங்கள். பழைய படங்களில் காண்கிறபடி உடம்பைச் சரித்துப் படுத்தால் உதை துவக்கை ஒரு பக்கம் தள்ளும். முதுகெலும்பும் பரலும் ஒரே கோட்டில் வரட்டும். முழங்கையை மடித்து விசையில் விரலை வையுங்கள். விரலின் முதல் கணு விசைக்குச் செங்குத்தாக, வில்லங்கமில்லாமல் வரவேண்டும். மணிக்கட்டு மடிந்தால் பின்கட்டையின் நீளம் போதாது, விரல் நுனிதான் எட்டுகிறதென்றால் நீளம் கூட. அதற்கேற்ப மாற்றுங்கள்.

அடுத்தது கன்னம். கண்ணை மூடுங்கள். தலையின் பாரம் முழுவதையும் தகட்டில் விட்டு, மூச்சு விட்டு, கழுத்தைத் தளர்த்துங்கள். இப்போது கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்புக்குள் விளிம்பில் கறுப்பு நிழல் எதுவும் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். மேலே பிறை நிழலோ கீழே பிறை நிழலோ தெரிந்தால், தலையை அசைக்காதீர்கள். தகட்டை ஒரு கோடு ஏற்றியோ இறக்கியோ மறுபடி கண்ணை மூடித் திறவுங்கள். இடம்வலமாக நிழல் இல்லாமல், வட்டம் மட்டும் சிறுத்துத் தெரிந்தால் ஸ்கோப்பை வளையத்தில் முன்பின் நகர்த்த வேண்டும். உருப்பெருக்கத்தைக் கூட்டி வைத்து இதைச் செய்யுங்கள், பிழை அப்போதுதான் பிடிபடும். சரி வந்ததும் தகட்டின் இடத்தை மெல்லிய மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். குளிருக்கு மொத்தச் சட்டை போடுகிற காலத்தில் பின்கட்டை நீளம் மாறும். அதற்கு இன்னொரு கோடு.

பொருத்தியபின் வெறும் துவக்கில் விசை அழுத்திப் பழகுங்கள். பெரிய ரவைத் துவக்குக்கு அதனால் கெடுதி இல்லை. .22க்கு மட்டும் போலி ரவை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரவை உட்காருகிற அறையின் விளிம்பு அடிபடும். விசை சொடுக்கும் நொடியில் ஸ்கோப்பின் குறிக்கோடு இலக்கிலிருந்து துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளாமல் வரும்வரை ரவைக்குச் செலவழிக்கவேண்டிய தேவை இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பயிற்சியை அறைக் கதவைப் பூட்டியபின் செய்யுங்கள்.

முதல் நாள் றேஞ்சில்

காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும். 140 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒற்றை வெடியே செவியைக் கெடுக்கும். இந்தத் துவக்குகள் 160ஐத் தாண்டும். பரல் நுனியில் உதைகுறைப்பான் இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இன்னும் மோசம். போய் நின்றதும் றேஞ்ச் பொறுப்பாளரிடம் புதியவர் என்று சொல்லுங்கள். அவர் பக்கத்தில் நிற்பார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரே தொகுதி இலக்கம் உள்ள போட்டி ரவையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கி வையுங்கள். 25 மீற்றரில் கடதாசியில் விழுத்தி, பிறகு 100 மீற்றர். ஐந்து வெடி சுட்டு நடுப்புள்ளியைப் பார்த்து திருகுங்கள். வெடிக்கு வெடி திருகினால் துவக்கின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். சரிவந்ததும் பத்து வெடி, பரல் சூடேற விடாமல், ஆறுதலாக. அந்தப் பத்து வெடியின் அகலம்தான் உங்களதும் துவக்கினதும் உண்மையான அளவு. ஒன்றரை நிமிடக் கோணம் வந்தாலும் மனம் தளர வேண்டாம்.

500 மீற்றருக்குப் போகும்போது 140 கிரெயின் நிறையுள்ள கிரீட்மோர் சன்னம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் சரியும். அதாவது மூன்று மில்லும் சொச்சமும் ஏற்ற வேண்டும். இதைக் கைபேசிச் செயலி சரியாகச் சொல்லும். புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது. காற்று மாறும்.

காற்றைப் பார்க்கப் பழகுதல்

இதற்குத் துவக்கே வேண்டாம், வன்னிக்கு விடுமுறையில் வரும்போதே படிக்கலாம். சோளகம் வீசுகிற மாதங்களில் வவுனிக்குளத்து அணைக்கட்டிலோ இரணைமடு அணைக்கட்டிலோ காலை எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். பறவை பார்க்கிற சாதாரண தொலைநோக்கி போதும். கன்னத்தில் காற்றுப் பட்டு இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர். சிறு கொப்புகளும் இலைகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. கிரவல் ஒழுங்கையில் புழுதி கிளம்பினால் 20க்கு மேல். முதலில் வாயால் மதிப்பைச் சொல்லுங்கள், பிறகு சிறு காற்றுமானியில் பாருங்கள்.

வெயில் ஏறினதும் தொலைநோக்கியைக் கட்டின் நீளத்துக்குத் திருப்பி, தூரத்துக்குச் சற்று முன்னால் தெளிவு பிடியுங்கள். தரையோடு கானல் அலை ஓடும். நேரே மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்கள் முகத்துக்கோ முதுகுக்கோ நேராக வீசுகிறது. சரிந்து எழுந்தால் மெல்லிய குறுக்குக் காற்று. தண்ணீர்போலப் படுத்து ஓடினால் பலமான காற்று. இலக்குக்குப் பக்கத்தில் ஒரு காற்றும் உங்களருகில் இன்னொரு காற்றும் வீசுவதைக் குளத்துக்கு அந்தப்புற வயலில் நெல் சாய்வதைக்கொண்டே காணலாம். அணைக்கட்டில் உங்கள் சட்டைக் கொலர் அசையாதபோது, வயலின் நடுவில் நெல் மேற்கிலிருந்து கிழக்கே மடிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று 500 மீற்றரில் கிரீட்மோர் சன்னத்தை 35 முதல் 40 சென்ரிமீற்றர் தள்ளும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு அளவாகத் தெரியத் தொடங்கும்.

இங்கேயே இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 10 மீற்றர் காற்றுத் துவக்கு ஒலிம்பிக் விளையாட்டு. பத்துப் புள்ளிக்கான நடுவட்டம் அரை மில்லிமீற்றர்தான். தெஹானி எகொடவெல இலங்கைக்காக டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் சுட்டார். உடல் பொருத்தம், மூச்சு, விசை என்று மேலே எழுதியவை அதற்கும் அப்படியே பொருந்தும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதற்குள் வரவேண்டும் என்பது என் விருப்பம். விளையாட்டு ஆசிரியர்கள் யாராவது முன்வந்தால் நான் வந்து சொல்லிக்கொடுக்க ஆயத்தம்.

கொப்பி

ஒரு கொப்பி வாங்கி, சுடப் போகிற ஒவ்வொரு நாளும் திகதி, வெப்பநிலை, ரவைத் தொகுதி, வெடிகளின் மொத்தம், காற்றை என்ன என்று மதித்தீர்கள், சன்னம் எங்கே விழுந்தது என்று எழுதுங்கள். புதிய விசை, புதிய பரல், விலை கூடிய கைப்பிடி என்று ஆசை வரும் நாளில் வாங்காமல், என்ன காரணத்துக்கு வேண்டும் என்பதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போட்டிகளில் ஆலைத் துவக்குக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மாற்றாத துவக்கோடு அதில் நிற்கலாம்.

கிரீட்மோரில் இரண்டாயிரம் வெடி தாண்டியதும் பத்து வெடி அகலத்தை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அகலம் படிப்படியாகக் கூடி, அதே ரவையில் வேகமும் குறையத் தொடங்கினால் பரல் முடிகிறது. புதுப் பரலுக்குச் சொல்ல முதல் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அதில் இன்னும் எது தேவை என்று பட்டதோ அதை மட்டும் பரலோடு சேர்த்து மாற்றுங்கள். எது என்று தீர்மானிக்க முடியாவிட்டால் எனக்கு எழுதலாம். வெடிக் கணக்கும் தொகுதி இலக்கமும் பத்து வெடி அகலமும் சேர்த்து அனுப்புங்கள்.